பழகாத கை

அந்த வீட்டில் அவளுக்கு டப்பா என்றுதான் பெயர். பள்ளியில் வேறு ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பாள். எவ்வளவு நல்ல பொம்மை வாங்கித் தந்தாலும் பொம்மையை ஓரமாகப் போட்டுவிட்டு, அது வந்த பெட்டியோடு குடித்தனம் நடத்திய குழந்தையைப் பின்னே எப்படித்தான் கூப்பிடுவது?

புதுப் பற்பசை வாங்கினால் போதும், அந்த அட்டைப்பெட்டி அவளுக்குச் சொந்தம். ஒட்டியிருக்கும் ஓரத்தை நகத்தால் மெல்லப் பிரித்து, தரையில் விரித்துப் போட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பாள். பெட்டி தட்டையாவதும் தட்டை மறுபடி பெட்டியாவதும் அவளுக்கு அலுக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் சேர்ந்து கட்டிலையே தூக்கிவிடும் போல ஆனபோது, அம்மா ஒரு நாள் துடைப்பத்தோடு கிளம்பினாள். பெண் போட்ட கூச்சலில் மாடியில் குடியிருந்த சித்தி பாதிப் பின்னலோடு இறங்கி ஓடி வந்தாள். அம்மா துடைப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளி முடிந்து, கல்லூரியில் பேக்கேஜிங் டிசைன் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது உறவுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பொட்டலம் மடிக்கிறதுக்கெல்லாமா காலேஜ் வெச்சிருக்கான்?" என்று கேட்டார் பெரியப்பா.

அப்பா பஸ் ஓட்டுநர். நெரிசலில் ஓட்டி ஓட்டிப் பொறுமை உடம்போடு ஒட்டிவிட்ட மனுஷர். "ஏண்ணா, நேத்து நீங்க வாங்கிட்டு வந்த முட்டை உடையாம வீடு வந்துச்சுல்ல? எவனோ ஒருத்தன் உக்காந்து படிச்சதாலதான் வந்துச்சு" என்றார். மறுநாளிலிருந்து அப்பா தன் டிப்போவில் எல்லாரிடமும் "என் பொண்ணு பெட்டி இன்ஜினியர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படி ஒரு பட்டமே கிடையாது என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்லூரியில் அவளுக்குப் பிடித்த இடம் பின்கட்டுப் பட்டறை. நீண்ட மேசைகள், கத்திக்கு அடியில் விரிக்கும் பச்சைப் பாய்கள், பசை வாசனை. அட்டையை மடிக்கும் கோட்டில் கத்தி படக்கூடாது, அழுத்தம் மட்டும்தான் பட வேண்டும். அதற்கு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவைப் போல ஒரு கருவி உலகத்தில் இல்லை. எனவே டப்பா மை தீர்ந்த பேனாக்களை ஊரெல்லாம் பொறுக்கினாள். மற்ற அப்பாக்கள் பெண்ணுக்குப் புதுப் பேனா வாங்கித் தருவார்கள். இவர் பஸ்ஸில் ஆள் இறங்கியதும் சீட்டுக்கு அடியில் தேடி, எழுதாத பேனாவாகப் பார்த்துக் கொண்டு வந்தார்.

அந்தப் பட்டறையை ஆண்டவர் ஸ்கேல் மேடம். இரும்பு ஸ்கேல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. யாரையும் அடித்ததில்லை, ஆனால் அதை மேசையில் மெதுவாக வைத்தாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். முதல் வருஷம் டப்பா ஒரு சோப்புப் பெட்டி செய்து எடுத்துப் போனாள்.

"பாருங்க மேடம், இத இப்படிப் பிடிச்சு, இந்த மூலைய இப்படி இழுத்தீங்கன்னா..."

"பெட்டி கடைக்குப் போறப்ப நீயும் கூடப் போய் அலமாரில உக்காந்துக்குவியா?"

வகுப்பே சிரித்தது. டப்பாவுக்கு முகத்தில் அசடு வழிந்தது. அன்றைக்கு மேடம் சொன்னதுதான் அந்தத் துறையின் பெரிய சட்டம். பெட்டியை முதல் தடவையாகப் பார்ப்பவரிடம் கொடு. கொடுத்தபின் வாயை மூடு. முகத்தைப் பார்க்காதே, முகம் மரியாதைக்குப் பொய் சொல்லும், கையைப் பார். அவர் திணறினால் திணறட்டும், உதவி செய்யாதே. தோற்பது அவர் இல்லை, உன் பெட்டி.

பிறந்ததிலிருந்து வாய் ஓயாத பெண்ணுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை! ஆனாலும் கற்றுக்கொண்டாள். கையைப் பின்னால் கட்டி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாக அடுத்தவர் விரல்களையே பார்த்து நிற்கப் பழகினாள்.

கடைசி வருஷத் திட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது மாத்திரைப் பெட்டி. மூட்டுவலி மாத்திரை. சின்னக் குழந்தை கையில் கிடைத்தால் திறக்கவே கூடாது, விரல் மடங்காத பெரியவர் கையில் சட்டென்று திறக்க வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலை. கேட்டவர்கள் எல்லாரும் வேறு ஏதாவது எடு என்றார்கள். அவள் அசையவில்லை. அந்த வருஷத்தின் கடைசி மதிப்பீட்டுக்குப் பெரிய அட்டைப்பெட்டி ஆலை ஒன்றின் வடிவமைப்புத் தலைவர் வருவார், வகுப்பில் ஒரே ஒருவரைப் பயிற்சி வேலைக்கு எடுத்துக்கொண்டு போவார். அந்த ஆலையில் மாதிரி வெட்டும் இயந்திரம் இருந்தது, மருந்துப் பெட்டிக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. அவளுக்கு அங்கே போக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அவள் செய்த பெட்டி ஒரு உறையும் அதற்குள் நழுவும் ஒரு தட்டும். உறையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு ஓட்டையையும் ஒன்றாகக் கிள்ளிப் பிடித்து, மறு கையால் தட்டை இழுக்க வேண்டும். வெள்ளை அட்டையில் மாதிரி செய்து, காயட்டும் என்று ஃபிரிட்ஜ் மேல் வைப்பாள். மாலையில் வீட்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சோதிப்பாள்.

சோதனை என்றால் அப்படி ஒரு சோதனை! அப்பா ஏதோ பர்ஸைத் திறப்பதுபோலத் திறந்தார். சித்தி பேசிக்கொண்டே திறந்தாள். அம்மா கண் இமைக்கும் நேரத்தில் திறந்து, "அவ்வளவுதானா?" என்று நீட்டினாள். ஓட்டையைச் சின்னதாக்கினாள், திறந்தார்கள். பிடிப்பை இறுக்கினாள், அதையும் திறந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் கொடுத்தால் அவர்கள் சுவரில் அடித்தும் திறக்கவில்லை. டப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பெட்டிக்கு ஈடு இணையே இல்லை என்று அறிக்கையில் கிட்டத்தட்ட அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

கடைசி மதிப்பீட்டுக்கு முன்னால் கல்லூரிக்குள்ளேயே ஒரு ஒத்திகை நடந்தது. ஸ்கேல் மேடம் கேன்டீன் கல்லாவில் இருக்கும் பெரியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பெட்டியைக் கையில் கொடுத்தார். அவர் திருப்பினார், குலுக்கினார், காதில் வைத்துக்கூடப் பார்த்தார். கடைசியில் பல்லால் கடித்தார். அடுத்து நூலகத்து அம்மா வந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். "இது திறக்கவே திறக்காத சும்மா அட்டைக் கட்டியாம்மா?" என்று கேட்டார். டப்பா உதட்டைக் கடித்த கடியில் ரத்தம் வராத குறை.

"உங்க வீட்ல எல்லாரும் மந்திரவாதியா?" என்று கேட்டார் மேடம். அவர் கேலி செய்யவில்லை. அறிக்கையைத் தட்டிக் காட்டினார். "இதுல இருக்கறது ஒண்ணு, நான் பாக்கறது ஒண்ணு. நீ பொய் எழுதற பொண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆலைக்காரருக்குத் தெரியாது."

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கசங்கிய பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "காலேஜ்ல ஒருத்தராலயும் முடியல. உங்களால மட்டும் எப்படி முடிஞ்சுது?"

அப்பா தண்ணீர் குடித்தார். குடித்து முடித்த டம்ளரிலேயே மறுபடி குடித்தார். சித்திதான் முதலில் உடைந்தாள். "நீ குளிக்கப் போனா பாட்டுப் பாடிட்டு வெளிய வரவே நேரமாகும்ல... அந்த நேரத்துல எடுத்துப் பழகிப் பார்ப்போம்."

"பழகிப் பார்ப்பீங்களா?"

"உனக்கு மார்க் குறையக்கூடாதுன்னுதான் கண்ணு" என்றார் அப்பா. "நான் முதல் நாள் திறக்கறதுக்குள்ள வேர்த்து வடிஞ்சுட்டேன். ஓட்டைய நீ மாத்தற அன்னைக்கெல்லாம் எனக்குப் பஸ்ல கூட அதே நெனப்பு."

குட்டு உடைந்தது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள் அந்தப் பெண். உலகத்தில் எந்தக் குடும்பம் பெண்ணின் பரீட்சைக்கு அவளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து படிக்கும்? கோபம்தான் ஜெயித்தது. "பாஸ் ஆக வேண்டியது நீங்க இல்ல, பெட்டி! ஒருத்தராவது 'நல்லா இல்ல'ன்னு சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேன்ல? எல்லாரும் சேர்ந்து என்ன நல்லா ஏமாத்தினீங்க!"

"யாருடி முதல்ல ஆரம்பிச்சது தெரியுமா?" என்றாள் சித்தி, தப்பிக்கும் வழி தேடி. "உங்கம்மாதான்."

அம்மா தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இனி அந்த வீட்டு ஆட்கள் சோதனைக்கு உதவ மாட்டார்கள், பழகின கைகள் கெட்டுப்போன கைகள். புது ஆட்கள் வேண்டும். இரண்டு தெரு தள்ளி அம்மாவின் கடை இருந்தது. பெண்களுக்கு முடி வெட்டும் கடை. அம்மாவும் சித்தியும்தான் வெட்டுவார்கள். வரிசையில் காத்திருப்பவர்கள் எப்படியும் பழைய பத்திரிகையைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார்கள். பத்திரிகைக்குப் பதில் பெட்டியைக் கொடுத்தால் என்ன? டப்பா ஒரு பையில் மாதிரிகளோடு போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் சளைக்காமல் திணறினார்கள். ஒருத்தி முடி வெட்டும்போது போர்த்திய துணிக்கு அடியில் வைத்துக்கூட முயன்றாள். டப்பா வாயே திறக்காமல் கைகளைப் பார்த்தாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் கை கண்ணில் பட்டது.

கத்தரிக்கோலில் அம்மா கட்டைவிரலை நுழைக்கவில்லை. வளையத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஷாம்பு பாட்டில் மூடியை விரலால் திருகாமல், பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மணிக்கட்டால் தட்டித் திறந்தாள். நிறைய நேரம் வெட்ட வேண்டிய தலை வந்தால் "நீ பாரு, எனக்கு ஃபோன் பண்ணணும்" என்று சித்தியிடம் தள்ளிவிட்டு, ஃபோன் பண்ணாமல் பின்னறையில் போய் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டாள். ஊரார் கைகளை எல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்ட பெண், இத்தனை நாள் தனக்குத் தலை சீவிவிட்ட கையைப் பார்க்கவே இல்லை.

கடை ஓய்ந்ததும் பின்னறைக்குப் போனாள். அம்மா பார்க்காத ஒரு மாதிரி பையில் இருந்தது. அதை நீட்டினாள். "இதத் திறம்மா. நான் பேச மாட்டேன்."

அம்மா கிள்ளினாள். விரல்கள் அந்த இடத்தில் சேரவே இல்லை. மறுபடி கிள்ளினாள். பெட்டி மடியில் விழுந்தது.

"முடியலடி" என்றாள்.

"எத்தன நாளா?"

"அத விடு."

"அம்மா!"

"உன் பெட்டிய நான் திறக்க முடியலன்னா நீ என் கையப் பார்ப்ப. பார்த்தா படிப்ப விட்டுட்டு வந்து இந்தக் கடையில நிப்ப. உன்ன எனக்குத் தெரியாதா? அதான் நீ இல்லாதப்ப பழகினேன். வலிய மறைச்சுத் திறக்கறதுக்கு. அதப் பார்த்துட்டுத்தான் அவங்க ரெண்டு பேரும் பழகினாங்க, மார்க்குக்காகன்னு நெனச்சு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லக்கூடாது. கத்தரி பிடிக்க முடியாதவன்னு பேர் வந்தா யாருடி என் நாற்காலில வந்து உக்காருவா?"

டப்பா சத்தியம் செய்துகொடுத்தாள். அந்த வாயாடி செய்துகொடுத்த சத்தியங்களிலேயே அதுதான் கனமானது.

அதற்குப் பிறகு விரலால் கிள்ளும் எண்ணத்தையே தூக்கிப் போட்டாள். பெட்டியை மேசையில் வைத்து, மேலே இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். பெரியவர் உள்ளங்கை ஒன்றே போதும், இரண்டு இடமும் அமுங்கும்; சின்னக் கைக்கு ஒன்றுதான் எட்டும். அழுத்தியபடியே மறு கையின் ஓரத்தால் தள்ளினால் தட்டு வெளியே வரும். விரலுக்கு வேலையே இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளில் ஒருத்தி மேலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தாள், பெட்டி நசுங்கியதே தவிரத் திறக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் திறந்தார்கள். ஒரு சிலருக்குக் கொஞ்சம் நேரமானது. அதையும் மறைக்காமல் புது அறிக்கையில் எழுதினாள்.

கடைசி மதிப்பீட்டுக்குப் பெற்றோரும் வரலாம் என்றிருந்தார்கள். நீண்ட கூடம், மேசைமேல் மாதிரிகள், சுவரோரம் நாற்காலிகள். அப்பா டிப்போ சீருடையோடு வந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் அம்மா, சித்தி. இரண்டு நாற்காலி தள்ளி இன்னொரு மாணவியின் தாய். அவர் அம்மாவின் கடைக்கு வழக்கமாக வருபவர், வணக்கம் சொல்லிச் சிரித்தார். அம்மா கைகளை மடியில் பையின் கீழே வைத்துக்கொண்டாள்.

ஆலைக்காரர் சின்ன உருவம், பேச்சு அதைவிடச் சின்னது. புதுப் பெட்டியை அவரே திறந்து பார்த்தார், கூட வந்தவரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். தலையை ஆட்டினார். டப்பாவுக்கு உயிர் வந்தது. அப்போதுதான் அவர் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்தார்.

"முதல்ல ஒரு பெட்டி. வீட்ல எல்லாரும் உடனே திறந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அடுத்ததுல, அதே பெட்டிய யாராலயும் திறக்க முடியலன்னு எழுதியிருக்கீங்க. எது பொய்?"

"ரெண்டுமே பொய் இல்ல சார். முதல் சோதனை சரியா நடக்கல."

"ஏன்?"

"வீட்ல இருக்கறவங்க முன்னாடியே பழகிட்டாங்க."

"எதுக்குப் பழகினாங்க? அப்புறம், கிள்ளறத விட்டுட்டு உள்ளங்கைக்கு ஏன் மாறினீங்க? 'ஒரு பெண்மணியின் கையைக் கவனித்தேன்'னு மட்டும் இருக்கு. யாரு அந்தப் பெண்மணி?"

டப்பா வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அத நான் சொல்ல முடியாது சார்" என்றாள்.

ஆலைக்காரர் பேனாவை மூடினார். "மருந்துப் பெட்டி செய்யறவங்க சோதனை நடக்காதத நடந்ததா எழுதினா, எங்கயோ ஒரு குழந்தை மாத்திரைய முழுங்கிடும். எனக்கு நம்பிக்கை வேணும்" என்று சொல்லி அடுத்த மேசையைப் பார்த்தார். ஸ்கேல் மேடம் எதையோ சொல்ல எழுந்தார்.

அதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அது என் கைதான்" என்றாள்.

நடந்து வந்தாள். மேசையில் ஓரமாக வைத்திருந்த பழைய பெட்டியை, அன்று கடையில் மடியில் விழுந்த அதே மாதிரியை, எடுத்தாள். எல்லார் எதிரிலும், வழக்கமாக வருபவர் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் கிள்ளிப் பார்த்தாள். கட்டைவிரல் பாதி வழியிலேயே நின்றது. மறுபடி முயன்றாள். நெற்றி வேர்த்தது. டப்பாவுக்கு ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"முடியல" என்றாள் அம்மா, சத்தமாக. "இது முடியும்னு காட்டத்தான் நான் திருட்டுத்தனமா பழகினேன். பொண்ணுக்கு அது தெரியாது. நான் முடிவெட்டறவ, கை போச்சுன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான்." புதுப் பெட்டியை முன்னால் இழுத்து வைத்தாள். உள்ளங்கையால் அழுத்தி, மறு கையின் ஓரத்தால் தள்ளினாள். தட்டு வெளியே வந்தது. "இத அவ என் கைக்குச் செஞ்சா."

ஆலைக்காரர் அம்மாவின் கையை, முகத்தை அல்ல, கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டப்பாவிடம், "அடுத்த வாரம் வந்து சேர்ந்துடுங்க" என்றார். அப்பா சீருடைத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், சித்தி அவரை அதட்டிக்கொண்டே தானும் அழுதாள். வழக்கமாக வருபவர் வாசல்வரை வந்து அம்மாவின் தோளைத் தொட்டார். அம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் இனி கடைக்கு வருவாரா என்று யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது அப்பாவின் நண்பர் ஓட்டிய பஸ். அம்மாவும் பெண்ணும் ஒரே சீட்டில். டப்பா ஒன்றும் கேட்காமல் அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அதை இழுத்துக்கொள்ளவில்லை. கட்டைவிரலின் அடியில் பெண் மெல்ல அழுத்தி நீவினாள்.

"வலிக்குதாம்மா?"

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாகச் சொல்லும் பதில் அவள் வாய்வரை வந்தது தெரிந்தது.

"வலிக்குதுடி" என்றாள். "ரொம்ப வலிக்குது."